ஆட்டிசமும் சத்து மருந்தும்



ஓராண்டு பள்ளி திறந்த மூன்றாம் நாள், ஒரு தாய் தம் ஏழு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பையன் நம்மை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருந்தான். தாயார் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இந்த மாவைப் பால்ல கலக்கிக் குடுத்தா ஆறு மாசத்துல பேச்சு வந்துருமாம். ஒரு டின்னு 180 வெள்ளி. ரெண்டு டின்னு முடிஞ்சிருச்சு. தோட்டை அடகு வச்சுத்தான் வாங்கினோம். மூணாவது வாங்கலாமா, நீங்க சொல்லுங்க."

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "விற்கிறவன் ஏமாற்றுகிறான், வாங்காதீர்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. "கொடுத்துத்தான் பாருங்களேன், கெடுதல் என்ன?" என்று சொல்வது அதைவிட எளிது. இரண்டுமே படித்துச் சொல்லும் பதிலாகா. ஆகவே, சற்றுப் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அந்தத் தாயார் கேட்ட கேள்வி புதிய கேள்வி அன்று. அறுபது ஆண்டுகளாக உலகின் பல பகுதிகளில் தாய்மார்களும் தந்தைமார்களும் கேட்டுவந்த கேள்வி அது. அதன் வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுவோரும் உண்டு. மக்கள் வாயில் ஆட்டிசம் என்றே வழங்குவதால் நாமும் அச்சொல்லையே ஆளுவோம். இளம் வயதிலேயே பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபட்டு நிற்பதும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும், சில ஓசைகளையும் சுவைகளையும் பொறுக்க முடியாமல் போவதும் இதன் அடையாளங்கள். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கேன்னர் என்னும் மருத்துவர், பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் இன்னது என்று மருத்துவ உலகம் தெளிவாக அறிந்துகொண்டது அக்கட்டுரையால்தான். அந்தப் பதினொருவரில் பலருக்குப் பிறந்தது முதலே உணவு ஊட்டுவது பெரும்பாடாக இருந்தது என்பதை அவர் அப்போதே குறித்து வைத்தார். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

கேன்னருக்குப் பிறகு வந்த இருபது ஆண்டுகளைப் பற்றிப் படிக்கும்போது மனம் கொதிக்கிறது. குழந்தையின் இந்நிலைக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று பெரிய படிப்பாளிகள் சொன்னார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் இக்கருத்தை வலியுறுத்தி ஒரு புத்தகமே எழுதினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் மருத்துவராக அலைந்த தாய்க்கு, "நீதான் காரணம்" என்ற பழியே மருந்தாகக் கொடுக்கப்பட்டது. நம் லயங்களில் "தாய் எதையோ பார்த்துப் பயந்திருப்பாள், அதனால்தான் பிள்ளை இப்படி" என்று பேசுகிறவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். 1977-இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டைப் பிள்ளை ஜோடிகளை ஆராய்ந்து, பிறப்பு வழி வரும் கூறு இதில் வலுவாக இருப்பதைக் காட்டினர். அதன் பிறகே இந்தப் பழி மெல்ல மெல்ல நீங்கியது.

தாய்மார்களுக்காக முதலில் வாதாடியவர்களில் ஒருவர் ஒரு தந்தை. பெயர் பெர்னார்டு ரிம்லண்ட். அமெரிக்கக் கடற்படைக்காகச் சான்டியாகோ நகரில் பணிபுரிந்த உளவியலாளர். 1956-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தை ஓயாமல் அலறியது. தூக்கினால் ஒட்டாமல் திமிறியது. உளவியலில் உயர் பட்டம் பெற்றிருந்தும் ஆட்டிசம் என்ற சொல்லையே ரிம்லண்ட் அதுவரை கேட்டதில்லை. அவருடைய மனைவிதான், கல்லூரியில் படித்த பழைய பாடப்புத்தகம் ஒன்றில் இத்தகைய குழந்தையைப் பற்றி வாசித்த நினைவு வந்து, அட்டைப் பெட்டிகளைக் கிளறி அதைத் தேடி எடுத்தார். அதன்பின் கிடைத்ததையெல்லாம் படித்து, தாயைக் குற்றம் சொல்ல எந்தச் சான்றும் இல்லை என்று ரிம்லண்ட் 1964-இல் ஒரு நூலை எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் கேன்னர்.

அந்த நூலின் இறுதியில் ஒரு வினாப் பட்டியல் இருந்தது. பெற்றோர் அதை நிரப்பி அவருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கடிதங்கள் குவிந்தன. அவற்றில் ஒருவரை ஒருவர் அறியாத சில பெற்றோர், பெருமளவில் வைட்டமின் கொடுத்ததால் தங்கள் பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். ரிம்லண்டே முதலில் நம்பவில்லை. ஆனால், கடிதங்கள் தொடர்ந்து வந்தன. இப்படித்தான் ஆட்டிசமும் சத்து மருந்தும் முதன்முதலாக ஒன்று சேர்ந்தன.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் என்ன தொடர்பு? படித்த ஒரு மனிதர் இதை நம்பியதற்குக் காரணம் உண்டா?

உண்டு. ஒரு காரணம் நம் நாட்டிலேயே கிடைக்கிறது.

நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளரும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை அது வாட்டியது. தோட்டத்துத் தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. நம்மவர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் நம் பாட்டிமார்களின் வழக்கம் ஒரு கொடிய நோயிலிருந்து காத்தது என்பதைச் சொல்லும்போது நமக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால், கவனித்தது மட்டும் போதுமா? தமிழர் உடல்வாகு வேறு, வேலை வேறு, குடியிருப்பு வேறு என்று மறுத்துப் பேச இடமிருந்தது. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளிகள் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்ணுக்குரியவர்களை ஒரு கட்டடத்திலும், இரட்டைப்படை எண்ணுக்குரியவர்களை எதிர்க் கட்டடத்திலும் வைத்தார். பக்கத்திற்குச் சுமார் 120 பேர். ஒரு பக்கத்தாருக்குத் தீட்டிய சயாம் அரிசி, மறுபக்கத்தாருக்குப் புழுங்கலரிசி. மற்ற யாவும் ஒன்றே. பாதியில், கட்டடமே நோய்க்குக் காரணமோ என்ற ஐயம் தீர, இருசாராரையும் இடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. ஓராண்டு முடிவில் வெள்ளையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. இன்று அப்படி ஒரு சோதனை நடத்தினால் அது குற்றம். அந்த 18 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. எனினும் வேறுபாட்டுக்குக் காரணம் அரிசிதான் என்பது அன்று புலனாயிற்று; அரிசியின் தவிட்டில் இருந்த ஒன்றுதான் உயிர் காத்தது என்பது பிறகு தெரிந்தது. பின்னர் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

இரண்டாவது காரணம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. நார்வே நாட்டில் ஒரு தாயின் இரு பிள்ளைகளும் மூளை வளர்ச்சி குன்றியிருந்தார்கள். அவர்களிடம் ஒருவகை வாடை வீசுவதையும் அந்தத் தாய் உணர்ந்தார். பல மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1934-இல் அஸ்ப்யோர்ன் ஃபொலிங் என்பவர் மட்டும் அந்தச் சொல்லுக்குக் காதுகொடுத்து, குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். உணவிலுள்ள ஃபினைல்அலனின் என்ற ஒரு சத்தை உடலால் சிதைக்க முடியாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கிறது என்பது அதன் வழியே தெரியவந்தது. ஃபினைல்கீட்டோன்யூரியா என்பது அந்நோயின் நீண்ட பெயர். சிகிச்சை பெறாத இக்குழந்தைகளில் சிலரிடம் ஆட்டிசத்தைப் போன்ற நடத்தையும் காணப்படுவதுண்டு.

அப்போது அதற்கு மருத்துவம் இல்லை. 1950-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. நிற்காது, நடக்காது, உண்பதில் நாட்டமில்லை, நாளெல்லாம் அழுகையும் தலையை மோதுவதும்தான். மருத்துவம் எதுவும் இல்லை என்று ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவர் சொன்ன பின்னும், அதன் தாய் நாள்தோறும் காலையில் அவருடைய ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, ஏதாவது கிடைத்ததா என்று கேட்பார். அவருடைய தொல்லை தாங்காமலே பிக்கலும் அவருடைய தோழர்களும் ஃபினைல்அலனின் நீக்கிய ஒரு சத்துணவைத் தயாரித்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, கண்ணில் ஒளி வந்தது.

மற்ற மருத்துவர்கள் நம்பவில்லை. தாயின் ஆசை பேசுகிறது, நல்ல கவனிப்பால் வந்த முன்னேற்றம் என்றார்கள். பிக்கல் ஒரு காரியம் செய்தார். தாய்க்குத் தெரியாமல், அதே உணவில் ஃபினைல்அலனினை மறுபடியும் கலந்து கொடுத்தார். ஆறு மணி நேரத்திற்குள் குழந்தையின் நிலை மோசமாகத் தொடங்கியது. மறுபடியும் அழுகை, மறுபடியும் தலையை மோதுதல், நிற்கவும் முடியவில்லை. என்ன கலந்தார்கள் என்று அறியாத தாயே இந்த மாறுதலைக் கண்டு சொன்னார். இதைப் படித்தபோது நமக்கு அந்தத் தாய்க்காக வருத்தமாக இருந்தது. ஆயினும் உண்மையைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. 1953-இல் இச்செய்தி வெளியானது. அதற்குப் பின், பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறையை ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கர் 1960-களில் உருவாக்கியதால், பல நாடுகளில் இக்குழந்தைகள் மூளை கெடாமல் வளர்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். அரிசியை மாற்றி உயிரைக் காக்க முடிந்தது. உணவை மாற்றி மூளையைக் காக்க முடிந்தது. அப்படியானால் ஆட்டிசத்திற்கும் ஒரு சத்து இருக்கக்கூடாதா என்று ரிம்லண்ட் எண்ணியது மடமை ஆகாது. இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கும் 1968-இல், மனநோய்கள் பலவற்றைச் சரியான அளவு வைட்டமினால் தீர்க்கலாம் என்று எழுதியிருந்தார். காற்று அந்தப் பக்கம் வீசியது.

ரிம்லண்ட் முதலில் இருநூறு குழந்தைகளுக்குமேல் வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்தார். வைட்டமின் பி6 கொடுத்த சிலரிடம் நல்ல மாறுதல் தெரிவதாகப் பெற்றோர் கூறினர். ஆனால், இதில் ஒரு சிக்கல் உண்டு. இதை நம் தோட்டத்து உவமையாலேயே சொல்லிவிடலாம்.

ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறையும் என்பது பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒருவன் ஒரு புது உரத்தைக் கொண்டுவந்து விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உரம் போட்ட இரண்டு மாதத்தில் இலை தளிர்த்துப் பால் கூடும். உரத்தால் கூடியதா, காலத்தால் கூடியதா? உரம் போடாத மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆட்டிசக் குழந்தைகளுக்கும் நல்ல மாதம், கெட்ட மாதம் என்று உண்டு. அவர்களும் வளர்கிறார்கள், தாமதமாகவேனும் கற்கிறார்கள். மிக மோசமான காலத்தில்தான் பெற்றோர் புது மருந்தைத் தேடி ஓடுவார்கள். பின்னர் தானாக வரும் முன்னேற்றம் மருந்தின் கணக்கில் எழுதப்படுகிறது. மேலும், மரத்தின் பாலைத் தராசில் நிறுக்கலாம். பிள்ளையின் பார்வையையும் சிரிப்பையும் எந்தத் தராசில் நிறுப்பது? தாயின் கண்தான் தராசு. அந்தத் தராசில் அன்பு கனக்கிறது.

ஆகவே, மருந்து மாத்திரையையும், அதைப் போலவே நிறமும் சுவையும் உள்ள வெற்று மாத்திரையையும் எண்ணிட்டு வைத்து, எது எவருக்குப் போகிறது என்பதைப் பெற்றோரும் கவனிக்கும் மருத்துவரும் அறியாதபடி மறைத்துக் கொடுக்க வேண்டும். முடிந்த பின்னரே எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிம்லண்ட் 1978-இல் அப்படியே செய்தார். பி6-ஆல் நலம் பெற்றதாகத் தோன்றிய 16 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, மறைவாக வெற்று மாத்திரைக்கு மாற்றினார். வைட்டமின் நின்ற காலத்தில் நடத்தை மோசமானதாகக் கணக்கு வந்தது. 1981-இல் பிரான்சின் தூர் நகரில் லெலோர் என்ற மருத்துவரின் குழுவினர் 44 பிள்ளைகளுக்குப் பி6-உடன் மெக்னீசியமும் சேர்த்துக் கொடுத்து, 15 பேரிடம் ஓரளவு முன்னேற்றம் கண்டதாக எழுதினர்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் வைட்டமின் புட்டிகள் அடுக்கப்பட்டன. நம்பிக்கை கொள்ளக் காரணம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால், 16 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்களும் முன்னரே பயன் கண்டதாகச் சொல்லப்பட்டவர்கள். கண்டம் கண்டமாகக் காய்த்த மரங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தோட்டத்தின் விளைச்சலைக் கணக்கிட முடியாதல்லவா?

1983-இல் ஓர் எச்சரிக்கை வந்தது. நாள்தோறும் 2 முதல் 6 கிராம் வரை பி6 உண்ட ஏழு பெரியவர்களுக்கு நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் தடுமாறி, கைகால் மரத்துப்போனது என்று அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் செய்தி வந்தது. அந்த வைட்டமின் நீரில் கரைவது, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், தீங்கே இல்லை என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். "சத்துதானே, கெடுதல் என்ன?" என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1997-இல் ஃபிண்ட்லிங் என்பவரின் குழு, சோதனையை முடித்த பத்துப் பேரிடம் பி6, மெக்னீசியம் இரண்டையும் இருபக்கமும் மறைத்துச் சோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை. 2005-இல், அதுவரை நடந்த மறைப்புச் சோதனைகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டவர்கள், இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று முடித்தார்கள்.

ரிம்லண்ட் 2006-இல் காலமாகும் வரை தம் நம்பிக்கையை விடவில்லை. பிற்காலத்தில் அவர் ஆதரித்த வேறு சில கருத்துகள் அறிவியலுக்கு ஒவ்வாதவை. தாய்மார்மீது விழுந்த பழியைத் துடைத்தவர் என்ற மதிப்பு அவருக்கு நம்மிடம் உண்டு. அதற்காக அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது செக்ரிட்டின் என்ற பொருளின் கதை. இது மாத்திரையன்று, குடலில் சுரக்கும் ஒரு சுரப்புநீர். 1902-இல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள ஒரு சிறுவனுக்கு வயிற்றுக் கோளாறைச் சோதிப்பதற்காக அதை ஊசியில் ஏற்றினார்கள். அதன்பின் சிறுவன் பேச்சிலும் பார்வையிலும் முன்னேறியதாகத் தாய் கண்டார். 1998-இல் மூன்று பிள்ளைகளைப் பற்றி ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பினார்கள். அவ்வளவுதான். நாடெங்கும் பெற்றோர் படையெடுத்தார்கள். மருந்து தீர்ந்துபோயிற்று, விலை ஏறியது.

1999 டிசம்பரில் வட கரோலினாவைச் சேர்ந்த ஏட்ரியன் சாண்ட்லர் என்ற மருத்துவரின் குழு தன் முடிவை வெளியிட்டது. 60 பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செக்ரிட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இருசாராரும் முன்னேறினார்கள்! உப்புநீர் பெற்ற பிள்ளைகளைவிடச் செக்ரிட்டின் பெற்ற பிள்ளைகள் ஒரு மாற்றும் கூடுதலாக முன்னேறவில்லை. அதாவது, நம்பிக்கையோடு பார்த்த கண்களுக்கு உப்புநீரிலும் முன்னேற்றம் தெரிந்தது. முடிவைச் சொன்ன பிறகும், இந்த மருந்தில் தங்களுக்கு இன்னும் நாட்டமுண்டு என்று நூற்றுக்கு 69 பெற்றோர் கூறினார்கள். நேயர்களே, அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வேறொன்றும் கையில் இல்லாதவர்கள் இருக்கின்ற கயிற்றை விடமாட்டார்கள். மொத்தத்தில் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் 16 சோதனைகள் நடந்தன. பயன் காணப்படவில்லை.

கோதுமையையும் பாலையும் நிறுத்தும் முறை இன்றும் பேசப்படுகிறது. இவ்வுணவுகளிலிருந்து வரும் சில கூறுகள் அபினைப்போல் மூளையை மயக்குகின்றன என்பது அதன் கருத்து. நார்வேயில் 2002-இல் 20 பிள்ளைகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் நன்மை தெரிந்ததாக எழுதினார்கள். ஆனால், பெற்றோருக்கு எந்த உணவு என்பது தெரிந்தே இருந்தது. 2006-இல் ஃபுளோரிடாவில் 15 பிள்ளைகளிடம் மறைத்துச் சோதித்தபோது வேறுபாடு இல்லை. அங்கும் பல பெற்றோர் நன்மை கண்டதாகவே சொன்னார்கள். பாலை நிறுத்திய பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்திருப்பதை 2008-இல் மற்றோர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே, தாமாகப் பாலை நிறுத்துவது நல்லதன்று. மீனெண்ணெயைப் பற்றியும் சில சிறு சோதனைகள் நடந்துள்ளன. உறுதியாக எதுவும் தெரியவில்லை. உடலிலுள்ள உலோக நஞ்சை எடுக்கிறோம் என்று சொல்லி ஊசி போடும் கொடுமையும் நடந்தது. 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்த ஊசியால் இறந்தான்.

தேடல் முடிந்துவிடவில்லை. ஃபோலினிக் அமிலம் என்ற, மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்கும் மருந்தை 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 48 பிள்ளைகளிடம் பன்னிரண்டு வாரம் மறைத்துச் சோதித்தார்கள். பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அம்மருந்தை முன்னுக்குக் கொண்டுவந்தபோது, இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும் என்று பல நிபுணர்கள் சொன்னார்கள். 16 பேரிடம் நடந்த பி6 சோதனையின் கதை தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாமும் காத்திருப்போம்.

கேன்னர் 1943-இல் எழுதிய குறிப்பை நினைவில் வைக்கச் சொன்னோமல்லவா? இக்குழந்தைகளில் பலர் உணவில் மிகவும் பிடிவாதமானவர்கள். வெறும் சோறு மட்டும், அல்லது ஒரே வகை பிஸ்கட் மட்டும், அதுவும் உடைந்திருந்தால் தொடமாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் பழமோ காயோ வாய்க்குப் போகாத ஆட்டிசச் சிறுவர்கள் கால் வலியால் நடக்க மறுத்து, ஈறில் இரத்தம் கசிந்து மருத்துவமனைக்கு வந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. நரம்பிலும் மூட்டிலும் காரணம் தேடி, கடைசியில் அது ஸ்கர்வி என்று கண்டார்கள். பழங்காலக் கப்பலோட்டிகளைக் கொன்ற அதே வைட்டமின் சி குறைவு. வைட்டமின் கொடுத்தவுடன் அவர்கள் நடந்தார்கள். இங்கே மாத்திரை வேலை செய்தது. அது ஆட்டிசத்தைத் தீர்த்ததால் அன்று. குறைந்திருந்த சத்தை நிரப்பியதால். புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுத்ததும் இதே கணக்குத்தான்.

பேசத் தெரியாத பிள்ளை "கால் வலிக்கிறது" என்று சொல்லாது. அழும், கடிக்கும், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாது. அதை ஆட்டிசத்தின் குணம் என்று நாம் தள்ளிவிடுகிறோம்.

இவ்வளவையும் படித்த பின்னரே அந்தத் தாயாரிடம் பேசினோம். மூன்றாவது டின் வாங்க வேண்டாம் என்றோம். பையன் என்ன உண்கிறான் என்று ஒரு வாரம் தாளில் குறித்துவரச் சொன்னோம். ஏழு நாளும் ஒன்றே: வெள்ளைச் சோறு, முறுக்கிய பப்படம், சீனி போட்ட தேநீர். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார்கள். மருத்துவர் தாளைப் படித்துவிட்டு இரத்தம் எடுத்தார். இரும்புச் சத்து மிகவும் குறைந்திருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தார். அதற்கு ஒரு வெள்ளிதான் செலவாயிற்று. டின்னில் இருந்த மாவில் எவ்வளவு இரும்பு இருந்தது என்று அதன் மேல்தாளைப் படித்துப் பார்த்தோம். எழுதப்படவே இல்லை.

இரண்டு மாதத்தில் பையன் சோர்ந்து படுப்பது குறைந்தது. இரவில் தூங்குகிறான் என்று தாயார் சொன்னார். பேச்சு வரவில்லை. அதற்கு இரும்பு மருந்து பொறுப்பன்று. சிறப்புக் கல்வி வகுப்பில் படம் காட்டிக் கேட்கப் பழக்குகிறார்கள். பருவம் முடியும் வேளையில் ஒருநாள் அவன் நம் மேசைக்கு வந்து, தண்ணீர்க் குழாய் வரைந்த அட்டையை நம் கையில் திணித்துவிட்டு, கதவருகே போய்த் தாழ்ப்பாளை அசைத்துக்கொண்டு நின்றான். நாம் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தோம். வேலை முடிந்து வந்த தாயாரிடம் இதைச் சொன்னபோது, அடகு வைத்த தோட்டைத் தீபாவளிக்குள் மீட்டுவிட எண்ணியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே, அந்த அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.